ராமானுஜன் தெருவில் ஆறாம் வகுப்பு!

கும்பகோணம் வருகிறவர்கள் கோயில் பார்ப்பார்கள், டிகிரி காபி குடிப்பார்கள், ஒரு கவுளி கொழுந்து வெற்றிலை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்கள். கொஞ்சம் விவரமானவர்கள் சாரங்கபாணி சன்னதித் தெருவில் இருக்கும் அந்த ஓட்டு வீட்டுக்குள்ளும் எட்டிப் பார்ப்பார்கள். கணித மேதை ராமானுஜன் வளர்ந்த வீடு அது.

சரி, இதே தெருக்களில் ப்ளஸ் டூ கணக்கோடு மல்லுக்கட்டும் பசங்களுக்கு இந்த ஊர் எப்படி இருக்கும்? தடுக்கி விழுந்தால் ராமானுஜன்! ஸ்கூல் சுவரில் ராமானுஜன், டிசம்பர் 22 வந்தால் மைக்கில் ராமானுஜன், மார்க் ஷீட்டில் கையெழுத்து வாங்கப் போனால் அப்பா வாயில் ராமானுஜன். 'அந்த மனுஷன் நடந்த தெருவுல நடந்துக்கிட்டு கணக்குல இருபது மார்க்காடா?' இந்த டயலாக்கைக் கேட்காமல் இங்கே யாரும் பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டியது கிடையாது.

2025 டிசம்பர் கடைசி வாரம், செமஸ்டர் முடிந்த கையோடு சித்தி வீட்டில் ஆறு நாள் டேரா போட்டேன். சித்தி மகன் ப்ளஸ் டூ, தமிழ் மீடியம். அரையாண்டுத் தேர்வில் கணக்கு 90-க்கு 19. மார்ச்சில் பப்ளிக். ஆள் பேச்சையே குறைத்துவிட்டான். சித்தப்பா பெரிய கடைத்தெரு பக்கம் ஒரு பாத்திரக்கடையில் வேலை செய்கிறார். அவர் கணக்கு சிம்பிள்: "முப்பத்தஞ்சு எடுத்து பாஸ் பண்ணினாப் போதும்ப்பா." பையனுக்கு அது போதாது. அவனுக்கு இன்ஜினீயரிங் வேணும். கவுன்சலிங் கட்-ஆஃப் 200-ல் பாதி, அதாவது 100, கணக்கிலிருந்துதான் வருகிறது என்பது நமக்குத் தெரியாததா?

முதல் நாள் ராத்திரி மொட்டை மாடியில் அவன் கேட்ட கேள்வி இது. "எனக்கு பேசிக்கே இல்லண்ணே. ரெண்டு மாசத்துல பன்னெண்டு வருஷக் கணக்கை எப்படிண்ணே படிக்கிறது?"

நியாயமான கேள்வி. அதற்கு பதில் தேடித்தான் அந்த ஆறு நாளும் ஊரைச் சுற்றினோம்.

19 மார்க் போஸ்ட்மார்ட்டம்

முதல் வேலையாக அரையாண்டு விடைத்தாளைக் கேட்டேன். தலையணை உறைக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தான்! மார்க்கைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு கணக்கும் எந்த வரியில் தடம் புரண்டது என்று மட்டும் பென்சிலால் வட்டம் போட்டுக்கொண்டே வந்தோம்.

ஒரு ஐந்து மார்க் கணக்கு. வர்க்கமூலம் எக்ஸ் வளைவரைக்குக் கீழே, 0-லிருந்து 4 வரை பரப்பு கேட்டிருந்தார்கள். படம் சரி. தொகையிடல் சரி. 4-ஐப் பிரதியிட்டு 8 என்று கொண்டுவந்ததும் சரி. கடைசி வரி: 8 ÷ 3/2. அங்கே 12 என்று எழுதியிருக்கிறான். வகுக்க வேண்டிய இடத்தில் பெருக்கிவிட்டான். சரியான விடை 16/3.

அடுத்தது அணிகள். முதல் வரிசை 2, −1. இரண்டாம் வரிசை −3, 4. அணிக்கோவை மதிப்பு என்ன? 2 × 4-லிருந்து (−1) × (−3)-ஐக் கழிக்கணும். 8 − 3 = 5. இவன் 8 + 3 = 11 என்று எழுதி, அந்த 11-ஐ வைத்து நேர்மாறு அணி முழுசாகக் கண்டுபிடித்திருக்கிறான். முறை அவ்வளவும் சரி, விடை அவ்வளவும் தப்பு. "மைனஸ் மைனஸ் ப்ளஸ்தானேண்ணே?" என்றான்.

தாள் முழுக்க இதே கதைதான். தொகையிடல் தெரிகிறது, பின்னம் வகுக்கத் தெரியவில்லை. நேர்மாறு அணி தெரிகிறது, மைனஸ் தெரியவில்லை. பையனுக்கு ப்ளஸ் டூ தெரியுது பாஸ், ஆறாவதும் ஏழாவதும்தான் தெரியலை!

வட்டங்களை எண்ணி வகை பிரித்தோம். மைனஸ் குறி, பின்னம், சமன்பாட்டில் பக்கம் மாற்றுவது, வர்க்க விரிவும் காரணிப்படுத்துதலும், முக்கோணவியல் மதிப்புகள். அவ்வளவுதான், ஐந்தே ஐந்து. பன்னிரண்டு வருஷம் என்று அவன் பயந்துகொண்டிருந்தது இந்த ஐந்து ஓட்டைக்குத்தான்.

ஓட்டைக்கும் தேதி உண்டு

'பேசிக் இல்லை' என்று சொல்லும்போது ஏதோ பிறவிக் குறை மாதிரி ஒரு சுருதி வருகிறது பாருங்கள், அதுதான் ஆபத்து. இந்தப் பையன் விஷயத்தில் தேதியே சொல்ல முடியும்.

2025-26-ல் ப்ளஸ் டூ படிக்கும் பேட்ச், 2019-20-ல் ஆறாம் வகுப்பு. நம் பாடத்திட்டத்தில் பின்னமும் முழுக்களும் ஆறாம் வகுப்பின் மூன்றாம் பருவத்தில் வருகின்றன. 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டன. குறை எண்களைப் பெருக்குவதும் வகுப்பதும் ஏழாம் வகுப்புப் பாடம். அந்த ஏழாம் வகுப்பு மொத்தமும் வீட்டில்! ஒன்றிலிருந்து எட்டு வரைக்கும் பள்ளி திறந்தது 2021 நவம்பர் 1-ம் தேதி. அதாவது எட்டாம் வகுப்பு பாதி போன பிறகு.

கல்வித் தொலைக்காட்சியில் பாடம் ஓடியது. 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கி, தன்னார்வலர்கள் தெருத்தெருவாகப் பாடம் எடுத்தார்கள். ஆனால், வீட்டில் இருந்த ஒரே போன் காலையில் சித்தப்பாவோடு கடைக்குப் போய்விடும். தங்கச்சிக்கு ஒரு டி.வி. பாடம், இவனுக்கு ஒரு டி.வி. பாடம். இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் சண்டை.

நம் பேட்ச் மட்டும் என்னவாம்? 2020-21-ல் பத்தாம் வகுப்பு படித்தவர்கள் பரீட்சையே எழுதாமல் ஆல் பாஸ். நான் அந்த பேட்ச். காலேஜில் எம்-ஒன் வகுப்பில் எத்தனை பேர் முழித்தோம் என்பது நமக்குள் ரகசியமாகவே இருக்கட்டும்.

இதைச் சொன்னபோது தம்பி கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தான். "அப்ப நான் மக்கு இல்லையாண்ணே?" கிண்டலாகத்தான் கேட்டான். முகத்தில் கிண்டல் இல்லை.

அட்டைக்குள்ளே ஆறாவது

பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் பழைய வகுப்புப் புத்தகங்கள் பி.டி.எஃப்-ஆகக் கிடைக்கின்றன. ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளில் நமக்குத் தேவையான பக்கங்களை மட்டும் பிரின்ட் எடுத்தோம். அங்கேதான் பெரிய பிரச்னை. கணக்கு இல்லை, மானம்!

திண்ணையில் உட்கார்ந்து ஆறாம் வகுப்புப் பாடம் படிக்க அவனுக்குக் கூச்சம். எதிர் வீட்டில் அவன் கிளாஸ்மேட் பெண் இருக்கிறாள். அதனால் பிரின்ட் அவுட்டை ப்ளஸ் டூ புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு படித்தான். மூன்றாவது நாள் அவன் நண்பன் ஒருத்தன் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து புத்தகத்தைப் பிடுங்கினான். படபடவென்று பிரின்ட் அவுட் கீழே விழுந்தது. மேலேயே கொட்டை எழுத்தில் 'பின்னங்கள்'.

செத்தான் என்று நினைத்தேன். நண்பன் குனிந்து தாளைப் பொறுக்கினான். ஒரு நிமிஷம் பார்த்தான். "டேய், இந்த வகுத்தலை எனக்கும் சொல்லிக் குடுடா" என்றான். அவ்வளவுதான்! மறுநாள் திண்ணையில் நாலு பேர். அதில் ஒருத்தி எதிர் வீட்டுப் பெண். அவளுக்கு மைனஸ் ஓகே, முக்கோணவியல்தான் எதிரி.

குளத்துப் படியில் மைனஸ்

முதல் வகுப்பு மகாமகக் குளத்தில். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை லட்சக்கணக்கில் ஜனம் குளிக்கும் குளம். கடைசியாக 2016-ல் நடந்தது, அடுத்தது 2028. மற்ற நாட்களில் அதன் படிக்கட்டு சும்மாதான் இருக்கிறது. நான்கு பக்கமும் படி, கரையைச் சுற்றி 16 மண்டபம், மார்கழிக் காலைப் பனி. இதைவிட நல்ல வகுப்பறை எந்தக் காலேஜிலும் கிடையாது.

ஒரு படியைப் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டோம். மேலே ஏறினால் ப்ளஸ், கீழே இறங்கினால் மைனஸ். −3 − 4 என்ன? "ப்ளஸ் ஏழு" என்றான் தம்பி பழக்க தோஷத்தில். "நடந்து பாரு" என்றேன். மூன்று படி இறங்கினான். இன்னும் நான்கு இறங்கினான். நின்று யோசித்தான். "மைனஸ் ஏழுல்ல நிக்கிறேன்!"

'மைனஸ் மைனஸ் ப்ளஸ்' என்ற மந்திரம் கூட்டலுக்குக் கிடையாது. பெருக்கலுக்கு மட்டும்தான். பெருக்கும்போது ஒவ்வொரு மைனஸும் ஒரு 'பின்னால் திரும்பு'. மேல்படி பார்த்து நில், ஒரு மைனஸுக்குத் திரும்பு, கீழே பார்ப்பாய். இரண்டாவது மைனஸுக்குத் திரும்பு, மறுபடி மேலே. மூன்று மைனஸ் வந்தால்? கீழேதான். அந்த அணிக்கோவை கணக்கில் இருந்தது மூன்று மைனஸ். −1-ல் ஒன்று, −3-ல் ஒன்று, நடுவில் கழித்தலுக்கு ஒன்று. இவன் இரண்டோடு நிறுத்திவிட்டான்.

படியில் நாலு பேர் மாறி மாறித் திரும்பிக்கொண்டிருந்ததைப் பார்த்து, குளிக்க வந்த ஒரு தாத்தா, "என்ன தம்பிங்களா, டிரில் மாஸ்டர் வரலையா?" என்றார்.

பாத்திரக்கடையில் பின்னம்

கும்பகோணம் பித்தளைப் பாத்திரத்துக்குப் பேர் போன ஊர். பக்கத்து நாச்சியார்கோவில் குத்துவிளக்குக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. மத்தியானம் சித்தப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனோம். கூட்டம் இல்லாத நேரம். அந்த 8 ÷ 3/2-ஐ அவரிடம் கேட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது. அவர் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். பின்னமெல்லாம் போடாமல் கேட்டேன்.

"சித்தப்பா, எட்டு கிலோ பித்தளை இருக்கு. ஒன்றரை கிலோ விளக்கு எத்தனை செய்யலாம்?"

சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டே சொன்னார். "அஞ்சு விளக்கு. அரை கிலோ மீதி."

மீதி அரை கிலோ, ஒன்றரை கிலோவில் மூன்றில் ஒரு பங்கு. ஆக ஐந்தே மூன்றில் ஒன்று. அதுதான் 16/3! தொகை நுண்கணிதம் கடைசி வரியில் கேட்டது இதைத்தான்.

"உங்க பையன் பன்னெண்டு விளக்குன்னு எழுதியிருக்கான் சித்தப்பா."

"எட்டு கிலோவுலயா? அந்த ஆசாரி யாருன்னு கேட்டுச் சொல்லுடா, நாளைக்கே வேலைக்கு வெச்சுக்கறேன்!" கடையே சிரித்தது. தம்பியும் சிரித்தான். நான் வந்த பிறகு அவன் சிரித்தது அன்றைக்குத்தான்.

ஒன்றால் வகுத்தால் அதே எட்டு. ஒன்றைவிடப் பெரிய எண்ணால் வகுத்தால் எட்டுக்குக் கீழேதான் வரணும். இது ஒன்று தெரிந்திருந்தால் 12 என்று எழுதிய கை அங்கேயே நின்றிருக்கும். 'தலைகீழாக்கிப் பெருக்கு' என்பது அப்புறம். விடை எவ்வளவு பெருசாக வரலாம் என்று ஒரு குத்துமதிப்பு முதலில்.

கடையில் ஒரு பழைய தட்டுத் தராசு இருந்தது. சமன்பாட்டையும் அங்கேயே முடித்தோம். 3 எக்ஸ் = 12 என்றால் எக்ஸ் = 12 − 3 = 9 என்று போடுவது நம்மில் பலருடைய பழக்கம். 'அந்தப் பக்கம் போனா மாறும்' என்ற பாதி மந்திரத்தின் விளைவு. ஒரு தட்டில் ஒரே மாதிரி மூன்று விளக்கு, மறு தட்டில் 12 கிலோ. ஒரு விளக்கு 9 கிலோவா இருக்குமா? மூன்று பங்காகப் பிரி, நாலு கிலோ. எதுவும் அந்தப் பக்கம் போவதில்லை. இரண்டு தட்டிலும் ஒரே வேலையைச் செய்கிறோம், அவ்வளவுதான் விஷயம்.

சித்தி கோலத்தில் ஹோல் ஸ்கொயர்

மார்கழி அல்லவா? விடிவதற்கு முன்பே தெரு முழுக்கக் கோலம். சித்தி ஏழு புள்ளி, ஏழு வரிசை வைத்துக்கொண்டிருந்தார். இழை இழுப்பதற்குள் நாங்கள் புகுந்துவிட்டோம்.

"சித்தி, ரெண்டு நிமிஷம் இருங்க!"

ஏ ப்ளஸ் பி ஹோல் ஸ்கொயர் என்றால் ஏ ஸ்கொயர் ப்ளஸ் பி ஸ்கொயர் என்று போட்டு நடுவில் இருக்கும் 2 ஏபி-யைத் தொலைப்பது உலகப் பிரசித்தம். ஏழை 5 + 2 என்று பிரித்தோம். ஒரு மூலையில் 5-க்கு 5 புள்ளி, 25. எதிர் மூலையில் 2-க்கு 2, நான்கு. மொத்தம் 29. ஆனால் கோலத்தில் இருப்பது 49 புள்ளி. மீதி 20 எங்கே? இரண்டு பக்கமும் 5-க்கு 2-ஆக இரண்டு பட்டை. பத்தும் பத்தும் இருபது. அதுதான் 2 ஏபி!

எதிர் வீட்டுப் பெண் வாசலில் இருந்தே, "அப்ப வர்க்கப் பூர்த்தி பண்றதுன்னா இந்த மூலையில விட்டுப்போன புள்ளியை வைக்கிறதா?" என்று கேட்டாள். அதேதான். பரவளையத்தையும் நீள்வட்டத்தையும் திட்ட வடிவத்துக்குக் கொண்டுவரும்போது செய்வது இதைத்தான்.

"முடிஞ்சுதா? பால்காரர் மிதிச்சுடப் போறாரு, நகருங்கடா" என்று சித்தி கோலத்தை முடித்தார்.

கோபுரத்துக்கு 45 டிகிரி

சாரங்கபாணி கோயில் ராஜகோபுரம் பதினோரு நிலை. சன்னதித் தெருவில் நின்றால் கழுத்து வலிக்கும். ஜியோமெட்ரி பாக்ஸிலிருந்து இரண்டு பக்கமும் சமமாக இருக்கும் மூலைமட்டத்தை எடுத்து, கண்ணுக்கு நேரே பிடித்து, சாய்ந்த பக்கம் கோபுர உச்சியைத் தொடும்வரை பின்னால் நடந்தோம். தொட்ட இடத்தில் 45 டிகிரி. அங்கிருந்து கோபுர அடி வரைக்கும் எத்தனை அடி தூரமோ, அதோடு கண் உயரத்தைச் சேர்த்தால் கோபுர உயரம். ஏன்? டேன் 45 ஒன்று. பக்கம் இரண்டும் சமம்.

30 டிகிரி வேண்டுமா? உயரத்தைப் போல ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு தள்ளி நிற்கணும். அந்த ஒன்றே முக்கால்தான் ரூட் 3, சரியாகச் சொன்னால் 1.732.

மதிப்பு அட்டவணையை உருப்போட்டு பரீட்சை ஹாலில் குழப்பிக்கொள்வதற்குப் பதில், இரண்டு படம் போதும். ஒவ்வொரு பக்கமும் 2 உள்ள சமபக்க முக்கோணத்தை நடுவில் வெட்டு. 1, ரூட் 3, 2 வந்துவிடும். 30-க்கும் 60-க்கும் எல்லாமே அதில் இருக்கிறது. பக்கம் 1 உள்ள சதுரத்தைக் குறுக்கே வெட்டினால் 45. வினாத்தாள் கொடுத்ததும் ஓரத்தில் இந்த இரண்டு படத்தைப் போட்டுவிட்டால், நேர்மாறு முக்கோணவியலில் பாதி பயம் போய்விடும்.

அந்த வீட்டுக்குள்ளே...

ஐந்தாவது நாள்தான் ராமானுஜன் வீட்டுக்குள் போனோம். அந்த ஊர்க்காரனான தம்பி, ஸ்கூல் வரிசையில் நின்று போனதோடு சரி, தானாகப் போனதே இல்லையாம். "அந்த வீட்டைப் பார்த்தாலே திட்டு ஞாபகம் வரும்ணே."

திண்ணை, தெருவைப் பார்த்த ஜன்னலோரம் ஒரு கட்டில், கூடம், சமையலறை, கொல்லையில் கிணறு. சின்ன வீடு. சாஸ்த்ரா பல்கலைக்கழகம் இதை நினைவில்லமாகப் பராமரிக்கிறது. 2003-ல் ஜனாதிபதியாக இருந்த அப்துல் கலாம் இதை நாட்டுக்கு அர்ப்பணித்தார்.

ராமானுஜனும் பரீட்சையில் தோற்றவர்தானே என்று பலர் ஆறுதல் சொல்வார்கள். உண்மைதான். 1904-ல் டவுன் ஹைஸ்கூலை முடித்து, காவிரிக் கரை அரசுக் கல்லூரியில் ஸ்காலர்ஷிப்போடு சேர்ந்தார். மற்ற பாடங்களில் கோட்டைவிட்டு ஸ்காலர்ஷிப்பை இழந்தார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியிலிருந்து எழுதியும் எஃப்.ஏ. தேறவில்லை. ஆனால் அவர் தோற்றது கணக்கைத் தவிர மற்றதில்! கணக்கில் தோற்றவனுக்கு இதில் என்ன ஆறுதல்?

எனக்கு அங்கே பிடித்தது வேறு இரண்டு விஷயம். ஒன்று, அந்தக் குடும்பம் வருமானத்துக்காகக் கல்லூரி மாணவர்களை வீட்டில் தங்கவைத்திருந்தது. பள்ளிக்கூடப் பையன் ராமானுஜன் தன் வகுப்பைத் தாண்டிய கணக்கை முதலில் பிடுங்கியது அந்த அண்ணன்களிடமிருந்துதான். லோனி எழுதிய முக்கோணவியல் புத்தகம் அவர் கைக்கு வந்ததும் அப்படித்தான். மேதைக்கே பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஒரு காலேஜ் அண்ணன் தேவைப்பட்டிருக்கிறார்!

இரண்டாவது, சிலேட்டு. காகிதம் விலை அதிகம் என்பதால் சிலேட்டில் போட்டு, முழங்கையால் அழித்து, மறுபடி போட்டு, முடிவை மட்டும் நோட்டில் ஏற்றினார். நாங்களும் திரும்பி வரும்போது கடைத்தெருவில் நான்கு சிலேட்டும் ஒரு டப்பா பல்பமும் வாங்கினோம். கடைக்காரர், "எல்.கே.ஜி-யா யு.கே.ஜி-யா?" என்றார். தம்பி சட்டென்று சொன்னான்: "ப்ளஸ் டூங்க."

சிலேட்டில் ஒரு சௌகரியம். தப்பு அங்கேயே அழிந்துவிடும். சிவப்பு மையும் கிடையாது, தலையணை உறையும் தேவையில்லை. ஒரே ராத்திரியில் முப்பது தப்பு பண்ணலாம், விடிந்தால் ஒன்றுகூட மிஞ்சாது.

ரெண்டு மாசக் கணக்கு

கிளம்புவதற்கு முன் திண்ணையில் ஒரு அட்டவணை போட்டோம். காலையில் ஒரு மணி நேரம் பழைய பாடம். சாயந்திரம் அதே ஓட்டை பாதிக்கிற ப்ளஸ் டூ பாடம். மைனஸ் முடித்த வாரம் அணிகளும் கலப்பு எண்களும். பின்னம் முடித்த வாரம் தொகை நுண்கணிதம். வர்க்கம், காரணி முடித்த வாரம் சமன்பாட்டியலும் பகுமுறை வடிவியலும். முக்கோணவியல் முடித்த வாரம் நேர்மாறு சார்புகளும் வெக்டரும். ஐந்து வாரம் இப்படி. மீதி நாளெல்லாம் பழைய வினாத்தாளை மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதிப் பார்ப்பது.

தாளைக் கொஞ்சம் பாருங்கள். ஒரு மார்க் இருபது, 2 மார்க் ஏழு, 3 மார்க் ஏழு, 5 மார்க் ஏழு. மொத்தம் 90, அகமதிப்பீடு 10. ஐந்து மார்க் கேள்வி ஒவ்வொன்றிலும் 'அல்லது' இருக்கிறது. ஒவ்வொரு படிக்கும் மார்க் உண்டு. தம்பியின் தாளில் வட்டம் போட்ட இடங்களை மட்டும் சரிசெய்து, நாங்களே திரும்ப மார்க் போட்டுப் பார்த்தோம். 19 என்பது 43 ஆனது! புதுசாக ஒரு சூத்திரம்கூடப் படிக்காமல்.

அந்த 43-ஐ அவன் சிலேட்டில் எழுதி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். நூறு எடுப்பானா, கேட்ட காலேஜ் கிடைக்குமா என்றெல்லாம் என்னால் சொல்ல முடியாது. மார்ச்சில் எழுதப்போவது அவன். ஆனால் 'பேசிக் இல்லை' என்ற வார்த்தையை அதற்குப் பிறகு அவன் சொல்லவில்லை. 'பின்னம் முடிஞ்சுது, முக்கோணவியல் பாக்கி' என்றுதான் சொல்கிறான்.

இப்போது உங்களுக்கு. கும்பகோணம் போனால் கோயில் பாருங்கள், காபி குடியுங்கள், அந்த ஓட்டு வீட்டின் திண்ணையையும் ஒரு நிமிஷம் பாருங்கள். கும்பகோணம் போக நேரமில்லையா? பொங்கல் லீவுக்கு எப்படியும் உங்கள் ஊருக்குப் போவீர்கள். உங்கள் தெருவிலும் ஒரு ப்ளஸ் டூ, விடைத்தாளைத் தலையணை உறைக்குள் ஒளித்து வைத்திருக்கும். 'எவ்வளவு மார்க்?' என்று கேட்டுவிடாதீர்கள். 'எந்த வரியில தப்பு ஆச்சு?' என்று கேளுங்கள். ஆறாம் வகுப்புப் புத்தகம் வேண்டியிருக்கும். போகும்போது ஒரு சிலேட்டும் வாங்கிக்கொண்டு போங்க பாஸ்!